சுமை வண்டிக்கு எந்த பிரேக் பேட்: செமி மெட்டாலிக்கா, செராமிக்கா?

வேலைக்கு ஓட்டும் வண்டியின் பிரேக் பேடை நீங்களே மாற்றலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, எதை வாங்குவது? பலரும் தடுமாறும் இடம் இது.

விலை: செமி மெட்டாலிக் (உலோகம் கலந்த பேட்) பொதுவாக மலிவு. செராமிக் (பீங்கான் வகைப் பொருள் கலந்த பேட்) கூடுதல்.

சத்தம், தூசு: செராமிக் அமைதியானது, சக்கரத்தில் கறையும் குறைவு. செமி மெட்டாலிக் கொஞ்சம் கிறீச்சிடும், கருந்தூசு படியும்.

சூடு: எனக்கு இதுதான் முக்கியம். பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் அடிக்கடி பிரேக் பிடித்தால் பேட் கொதித்து, பிடிப்பு குறையும். செமி மெட்டாலிக்கில் 30 முதல் 65 சதவீதம் வரை உலோகம் இருப்பதால், அது வெப்பத்தை நன்றாகக் கடத்திவிடும். சாதாரண செராமிக் பேட் இந்த அளவு தாங்காது.

தேய்மானம்: பேட் அழுத்திப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டுதான் டிஸ்க். செராமிக் பேட் அதை அதிகம் அரிக்காது. செமி மெட்டாலிக் அரிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கின் தடிமனை அளந்து பாருங்கள். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

மாற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் கட்டாயம். அப்புறம், பிரேக் பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

தினமும் பாரம், மேடு பள்ளம், டிரெய்லர் என்றால் தயங்காமல் செமி மெட்டாலிக். கருவிப் பெட்டியோடு ஊருக்குள் மட்டும் சுற்றும் இலகுவான வண்டிக்குச் செராமிக் போதும்.