கேனன் 10-18: கட்டடங்களுக்குள் போய்ப் படமெடுக்கிறவர்களுக்கான லென்ஸ்

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் கேனன் 700டி, 200டி, 80டி மாதிரி ஒரு பழைய கேமரா இருக்கிறது, ஊர் சுற்றப் போனால் முகப்பை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாமல் உள்ளே நுழைந்து தூண், கூரை, மாடிப்படி, தரை என்று எடுக்கிற ஆள் நீங்கள் என்றால், இஎஃப்-எஸ் 10-18 எம்எம் லென்ஸைத் தயங்காமல் வாங்கலாம். 2014-இல் வந்தது, புது வரவு ஒன்றும் இல்லை. நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, பத்து காஜா என்ற ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தொடங்கி பினாங்கு, கோலாலம்பூர், அப்புறம் தமிழ்நாட்டுப் பயணம் வரைக்கும் இதைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறேன். எடை 240 கிராம்தான். கனம் என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டுப் போகத் தோன்றாது, பயணத்துக்கு அதுவே பெரிய விஷயம்.

கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் எங்கே தொடங்குகிறதோ அங்கே இது முடிகிறது. 18-இல் மூலைக்கு மூலை சுமார் 74 டிகிரி தெரியும், 10-இல் 107 டிகிரிக்கு மேல். 8 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டு முன்னறையில் முதுகைச் சுவரில் ஒட்டி நின்று பாருங்கள்: 18-இல் எதிர்ச்சுவரும் அதில் மாட்டிய சாமி படங்களும் வரும், அவ்வளவுதான். 10-இல் இரண்டு பக்கச் சுவர், மேலே தகரத்தைத் தாங்கும் உத்திரம், கீழே தேய்ந்து பளபளக்கும் சிமெண்டுத் தரை, சற்றுக் குனிந்தால் உங்கள் கால் கட்டைவிரல்கூட வந்துவிடும்.

நிறைய அடங்கும் என்பதற்காகத்தான் எல்லாரும் இந்த மாதிரி லென்ஸ் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இதன் உண்மையான அருமை, சுவர் நேராக நிற்பது. கட்டடத்துக்குள் எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தால் பெரும்பாலும் தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்திருக்கும். கூரையும் வரவேண்டும் என்று கேமராவை மேலே தூக்குகிறோம், தூக்கியவுடன் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாமல் போகிறது, நேர்கோடுகள் எல்லாம் மேலே ஒன்றை ஒன்று நோக்கி ஓடுகின்றன. கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்திய சுவரை நாம் ஒரு நொடியில் சாய்த்துவிடுகிறோம். 10 எம்எம்மில் தூக்கவே வேண்டாம். கேமராவை நெட்டுவாக்கில், நெஞ்சு உயரத்தில், மட்டமாகப் பிடித்து நேரே பார்த்து எடுங்கள், கூரை தானாக வந்துவிடும். கீழே வேண்டாத தரை நிறைய வரும், வீட்டுக்கு வந்து வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சலில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினாலும் 16 மிஞ்சும், சுவரில் பெரிதாக மாட்ட அது தாராளம். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, ஓரத்துக் கோட்டோடு ஒரு கதவு நிலையை ஒட்டிப் பார்த்தால் மட்டம் சரியா இல்லையா என்று உடனே தெரியும்.

இதைப் பழக எங்கள் ஊர்ப் பக்கம் கெல்லிஸ் காசலைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமலே நின்றுவிட்ட மாளிகை. சென்னைப் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள் கை வைத்துக் கட்டியது. வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து பலரை வாரிக்கொண்டு போக, ஆட்கள் கோயில் வேண்டும் என்று கேட்டு, ஸ்மித் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் சாமி உருவங்களோடு வெள்ளைக்காரத் தொப்பி போட்ட ஓர் உருவமும் நிற்கிறது, ஸ்மித்தான் அது என்பார்கள். மாளிகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

மாளிகைக்குள் வளைவு வளைவாகப் போகும் நடை இருக்கிறதே, அதன் ஒரு கோடியில் நடுவாக நின்று 10-இல் எடுத்தால் வளைவுக்குள் வளைவாக அடுக்கிக்கொண்டு போகும், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் தரையில் அதே வளைவுகள் நிழலாக இன்னொரு தடவை விழும். ஆனால் நடுவாக என்றால் நடுவாகவே நிற்க வேண்டும், ஒரு சாண் தள்ளி நின்றாலும் கடைசி வளைவு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மின்தூக்கிக்காக விட்ட இடமும் உள்ளே இருக்கிறது, மலாயாவில் முதலாவதாக வந்திருக்க வேண்டியது என்று சொல்கிறார்கள். அப்புறம் பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள். இந்த லென்ஸ் 22 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டே ஃபோகஸ் ஆகும், அதனால் சுவரை ஒட்டினாற்போல் போய், இரண்டு செங்கலுக்கு நடுவே பிதுங்கிய சாந்தைக் கரணையால் இழுத்த தடத்தை முன்னால் வைத்து, பின்னால் அறை முழுவதும் தெரிகிற மாதிரி எடுக்க முடிகிறது. அந்தத் தடம் யாரோ ஒருவர் கை. பெயர் எங்கும் எழுதப்படாத ஒருவர். எனக்கு அந்த மாளிகையில் மிகப் பிடித்த படம் அதுதான்.

இனி இருட்டு. அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப்/4.5-5.6 என்று பார்த்தவுடன் "உள்ளே எடுக்க இது போதாதே" என்பார்கள். கல்யாணத்தில் ஆட்களை எடுக்கப் போதாது, சரி. கட்டடம் அசையாது. இதில் உள்ள ஐஎஸ், அதாவது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு, நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தாங்கும் என்று கேனன் சொல்கிறது. ஷட்டரை நொடியில் எட்டில் ஒரு பங்கு வைத்தாலும் என் கையில் சுலபமாக நிற்கிறது, தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சை அடக்கினால் கால் நொடியும் நிற்கும். 10 எம்எம், எஃப்/5.6-இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டால் சுமார் அரை மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை தெளிவாக இருக்கும், ஆகவே பெரிய அப்பெர்ச்சர் இருந்தாலும் உள்ளே அதைத் திறந்து வைக்கப் போவதில்லை. முக்காலி கொண்டுபோனால் வாசலிலேயே நிறுத்துகிற இடங்கள் அதிகம், அங்கெல்லாம் இந்த ஐஎஸ்தான் முக்காலி. இன்னொரு லாபமும் உண்டு. நம் கோயில்களில் டியூப் லைட்டும் எல்இடியும் நொடிக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும். நொடியில் 50-இல் ஒரு பங்கு, 25-இல் ஒரு பங்கு என்று மெதுவாக வைத்தால் பட்டை விழாது.

கோயில் என்றவுடன் ஒன்று. கேட்டுவிட்டு எடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கோயில் ஒன்றில் மண்டபக் கூரையை எடுத்துக்கொண்டிருந்தபோது பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தம்பி, மேல எவ்வளவு வேணும்னாலும் எடுங்க, ஆத்தாள மட்டும் எடுக்காதீங்க" என்றார். "சரிங்க பாட்டி, அந்தப் பக்கமே திருப்ப மாட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அவரே எழுந்து வந்து, நான் கவனிக்காத ஒரு மரத்தூணைக் காட்டினார், பழைய கோயிலைப் பிரித்தபோது அது ஒன்றை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்களாம். லென்ஸால் வராத விஷயம் அது.

கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலில் முஸ்லிம் அல்லாதவர்கள் தொழுகை மண்டபத்துக்குள் போக முடியாது, தொழுகை இல்லாத நேரத்தில் ஓரத்தில் நின்று பார்க்கலாம். 1965-இல் திறந்த கட்டடம். கூரைக்கு 18 முனை, 13 மாநிலமும் இஸ்லாத்தின் 5 தூண்களும் சேர்ந்த கணக்கு. எல்லையிலேயே நிற்க வேண்டிய இந்த மாதிரி இடத்தில் பின்னால் போகவும் வழியில்லை, முன்னால் போகவும் வழியில்லை, இந்த லென்ஸ் இல்லாமல் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. பினாங்கில் பெரனாக்கான் மாளிகை, ஈயத்தில் பணம் பண்ணிய காப்பித்தான் (சீனர் தலைவர்) சுங் கெங் குவீ 1890-களில் கட்டியது, அங்கே சிக்கல் வேறு: நடு முற்றத்தில் வெளிச்சம் கொட்டுகிறது, சுற்றி அறைகள் இருட்டு. மூன்று படம், நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என்று ரா (RAW) கோப்பாக எடுத்துச் சேர்த்தால்தான் தங்கப்பூச்சு மரவேலையும் முற்றத்து வானமும் ஒரே படத்தில் நிற்கும்.

செட்டிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அந்த வீடுகளில் முன்வாசலில் நின்றால் கட்டுக்குக் கட்டுத் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும், வீட்டின் அழகே அதுதான். அதை 10-இல் எடுக்காதீர்கள். தூரத்தில் இருப்பதை இந்த லென்ஸ் இன்னும் தூரத்தில் தள்ளும், பின்வாசல் பொட்டு அளவு ஆகிவிடும். 18-க்குத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது கிட் லென்ஸில் 35 போடுங்கள். 10-ஐ ஆத்தங்குடி தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் பூவோடு பூ சேர்ந்து ஓடுகிற அந்தக் கல்லும், பர்மாத் தேக்குத் தூணின் அடியும், முற்றத்து வெளிச்சமும் ஒன்றாக வரும். அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கு விட்டு வந்த பணம், நம் ரப்பர்த் தோட்டங்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி, எனக்கு அங்கே நிற்கும்போது இது மனதை விட்டுப் போகவில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மகால், 1636-ஆம் ஆண்டுக் கட்டடம், அங்கே ஒவ்வொரு தூணும் அவ்வளவு பருமன். ஓரத்தில் வருகிற தூண் 10-இல் இன்னும் கொழுத்துத் தெரியும், ஆகவே 12, 13-இல் நிறுத்தி, அளவு தெரிய நடுவில் யாராவது ஒருவரை நிற்கவைத்து எடுத்தேன். ஆளை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், தலை இழுபட்டு நீண்டுவிடும், குழுப்படத்துக்கு இந்த லென்ஸை எடுக்கவே கூடாது.

குறைகள். மவுண்ட் பிளாஸ்டிக், வெயில் மறைக்கும் ஹூட் பெட்டியில் வராது, இடபிள்யூ-73சி என்று கேட்டுத் தனியாக வாங்க வேண்டும். ஃபோகஸ் வளையம் மெல்லியது, மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும், கேமரா தூங்கிவிட்டால் திருகினாலும் ஒன்றும் நடக்காது, தூர அளவும் மேலே எழுதியிருக்காது. 10-இல் ஓரக்கோடுகள் கொஞ்சம் வெளிப்பக்கம் புடைக்கும், மூலைகள் இருளும், மென்பொருளில் லென்ஸ் புரொஃபைலைப் போட்டால் இரண்டும் போய்விடும். மூலைத் தெளிவு எஃப்/8-இல்தான் திருப்தியாக இருக்கிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேனன் டிஎஸ்எல்ஆர் எதிலும் மாட்டாது, நாளைக்கு 6டி மாதிரி அந்த ரகம் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தக் காசைச் சேர்த்து வையுங்கள்.

இதே வேலைக்கு 2004-இல் வந்த 10-22 இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக வாங்கும், ஆனால் ஐஎஸ் இல்லை, 385 கிராம். உள்ளே எடுப்பதற்கு நான் 10-18-ஐத்தான் சொல்வேன். டோக்கினா 11-16 எஃப்/2.8 இரவு வானம் எடுப்பவர்களுக்கு நல்லது, அரைக் கிலோவைத் தாண்டும், அதிலும் ஐஎஸ் கிடையாது. ஆர்50, ஆர்10 மாதிரி கேனனின் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டு இதை மாட்டலாம், இல்லையென்றால் 2023-இல் அந்த வரிசைக்கென்றே வந்த ஆர்எஃப்-எஸ் 10-18 இருக்கிறது, 150 கிராம்தான், புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக அதற்கே போய்விடலாம். கைப்பேசியில் அல்ட்ரா வைட் இருக்கிறதே என்றால், பகலில் நல்ல வெளிச்சத்தில் போதும். மங்கிய மண்டபத்தில் சின்ன சென்சார் சுவரின் சொரசொரப்பை எல்லாம் வழித்து மொழுக்கென்று ஆக்கிவிடும். பழைய சுவரில் சொரசொரப்பு போனால் அப்புறம் என்ன மிச்சம்?

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பூஞ்சையைப் பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அதுதான் முதல் எதிரி. இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பார்த்தால் நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி ஓரத்தில் படர்ந்திருப்பது தெரியும். தெரிந்தால் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) குறைத்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அப்புறம் கேமராவில் மாட்டி, ஐஎஸ் சுவிட்சைப் போட்டு அரை அழுத்து அழுத்தி, லைவ் வியூவில் படம் அமைதியாக நிற்கிறதா, ஃபோகஸ் கிட்டத்திலிருந்து தூரம் வரை தடையில்லாமல் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் அலமாரியில் துணிக்கு நடுவே வைக்காமல் டிரை பாக்ஸில், 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். மின்சார டிரை பாக்ஸுக்குக் காசு இல்லையென்றால், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போதும், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.