பாரிஸில் மணநாள் விருந்து: கோபுரத்தின் மேலா, ஆற்றின் கரையிலா?

பாரிஸில் மணநாள் இரவைக் கொண்டாட விரும்பும் தம்பதியருக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஈபிள் கோபுரத்தின் இரண்டாம் தளத்தில், தரையிலிருந்து சுமார் 125 மீட்டர் உயரத்தில் உள்ள லே ஜூல் வெர்ன் உணவகமே. தெற்குத் தூணில் அதற்கெனத் தனி மின்தூக்கியும் உண்டு. ஆனால், கோபுரத்துக்குள் அமர்ந்திருப்பவருக்கு நகரம் முழுவதும் தெரிந்தாலும் ஒளிரும் கோபுரம் தெரியாது.

செய்ன் ஆற்றங்கரையிலுள்ள லா தூர் தார்ஜான் உணவகத்தின் சன்னலோர மேசையிலோ, ஆறும் நோத்ர தாம் பேராலயமும் கண்ணெதிரே விரிகின்றன. அங்கு 1890 முதல் பரிமாறும் வாத்துகளுக்கு எண்ணிட்டு, அந்த எண்ணைக் குறித்த அட்டையை விருந்தினருக்கு வழங்கும் வழக்கம் உள்ளது. மணநாள் நினைவாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர அதைவிடப் பொருத்தமான பொருளில்லை என்பதால், என் தேர்வு இதுவே. சைவ உணவினர் மட்டும் எங்கு சென்றாலும் தமக்கேற்ற உணவு கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுத் தெளிவது நல்லது. செலவு இரண்டிலும் மிகுதிதான்.