மாநிறத் தோலுக்கு எந்த லேசர்?

தாடை முடிக்கு லேசர் செய்துகொள்ள நினைக்கும் பெண்கள் எடுத்த எடுப்பில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால், "என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

லேசர் ஒளி குறிவைப்பது முடியில் இருக்கும் மெலனினை. அந்தக் கருநிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி, வேர்க்காலைப் பொசுக்கும். ஆனால் நம் தோலிலும் அதே மெலனின்தானே இருக்கிறது!

755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசரின் ஒளியை மெலனின் வெகுவாக உறிஞ்சும். வெளுத்த தோலுக்கு அருமையான லேசர். மாநிறத்தில் பாதி ஒளியைத் தோலே வாங்கிக்கொண்டால் கொப்புளம், அப்புறம் மாதக்கணக்கில் கரும்படை. 1064 நானோமீட்டர் என்டி-யாக் தோலின் மெலனினிடம் அவ்வளவாகச் சிக்காமல் ஆழத்துக்கு இறங்கும். கருத்த தோலுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். வலி சற்றுக் கூடுதல், பூனைமுடியில் பலன் குறைவு. 810 நானோமீட்டர் டையோடு லேசர் இரண்டுக்கும் நடுவில். குளிரூட்டும் முனையும் அனுபவமுள்ள கையும் இருந்தால் மாநிறத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐபிஎல் கருவி லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. கருத்த தோலுக்கு வேண்டாம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

தங்கைக்கு என்டி-யாக் செய்தபோது பக்கத்தில் இருந்தேன். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி ஒவ்வொரு அடிக்கும் துள்ளினாள். அறையெல்லாம் முடி கருகிய வாசனை. பத்து நாளில் முடி மறுபடி முளைக்கிறதே என்று பதறினாள்; முகம் கழுவும்போது அவை தானாக உதிர்ந்தன. வெந்துபோன முடி அப்படித்தான் வெளியே வரும்.

வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே லேசருக்கு நன்றாகக் கட்டுப்படும். மற்றவை உறக்கத்தில் இருக்கும். அதனால்தான் முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு, எட்டு அமர்வுகள். இடையில் த்ரெடிங், வாக்ஸிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்குப் பிடிப்பு ஏது? ஷேவ் செய்யலாம், முடி தடிக்காது.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் ஹார்மோனையும் சேர்த்துப் பாருங்கள். இல்லையென்றால் புது முடி வந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்துப் பெண்கள் சிலருக்கு முகத்தில் லேசருக்குப் பிறகு முடி கூடுவதும் உண்டு. அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

நரைமுடிக்கு எந்த லேசரும் உதவாது. அதற்கு 1875-லேயே வந்துவிட்ட மின்னூசி முறைதான். ஒவ்வொரு முடியாக ஊசி இறக்க வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் போன முடி போனதுதான்.