நாஸ்கார் ரைவல்ஸ்: கொம்யூட்டர் ரயிலில் ஒரு கார் பந்தயம்

செப்பாங்கில் பார்முலா ஒன் பார்த்து வளர்ந்த நமக்கு நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தயம் என்றாலே கொஞ்சம் இளக்காரம்தான். செப்பாங்கில் 15 வளைவு; அங்கேயோ இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். "என்னக்கா, ராட்டினமா?" என்கிறான் என் தம்பி. 2022 அட்டவணையில் வலப்பக்கமும் திரும்ப வேண்டிய பந்தயங்கள் ஆறு இருந்தன என்று சொன்னாலும் கேட்பதில்லை.

நாஸ்கார் ரைவல்ஸ் வீடியோ கேமை நான் லோயாட் பிளாசாவில் பழைய கேம் கார்டாக வாங்கினேன். 2022 அக்டோபரில், கையில் எடுத்துப் போகும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு மட்டும் வந்த விளையாட்டு இது. உரிமம் பெற்றது என்பதால் அந்த ஆண்டின் ஓட்டுநர்கள், கார்கள், தடங்கள் எல்லாம் அசல் பெயரோடு இருக்கின்றன.

டேடோனா தடம்தான் இதற்கு உயிர். 2.5 மைல் சுற்று, வளைவில் 31 டிகிரி சாய்வு. அங்கே பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. முன்னால் போகிற காரின் வாலைப் பிடித்துக்கொண்டால் காற்றின் தடை குறைந்து வண்டி பறக்கும். அவசரப்பட்டுத் தனியாக வெளியே வந்தால் பின்னால் வரும் கூட்டமே தாண்டிப் போய்விடும். யாரை நம்பிப் பின்னால் போவது, எப்போது கழற்றிவிடுவது என்ற கணக்குதான் ஆட்டமே. அங்கே நடக்கும் டேடோனா 500 பந்தயத்தை முழுசாக ஓட்டினால் 200 சுற்று. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் முடியாது. தூரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். இறங்கும் இடம் வந்துவிட்டால் பவர் பட்டனைத் தட்டினால் அப்படியே நிற்கும்.

மார்ட்டின்ஸ்வில் தடம் வேறு கதை. அரை மைலுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் சுற்று. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைப் பதமாகத் திறக்க வேண்டும். ஆக்சிலரேட்டராக இருக்கும் ஸ்விட்சின் இசட்ஆர் பட்டனுக்கோ பாதி அழுத்தம் என்பதே கிடையாது. ஒன்று முழுசு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சண்டை போட, வண்டியின் பின்பக்கம் வழுக்குகிறது.

இந்த விளையாட்டு வெளிவந்த அதே மாதக் கடைசியில், நாஸ்கார் ஓட்டுநர் ராஸ் சேஸ்டெய்ன் அதே மார்ட்டின்ஸ்வில்லில் நிஜப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் காரைச் சுவரோடு ஒட்டவிட்டு, முழு வேகத்தில் பறந்து ஐந்து பேரைத் தாண்டினார். சின்ன வயதில் நின்டெண்டோவின் பழைய கேம்கியூபில் நாஸ்கார் விளையாட்டு ஆடியபோது கிடைத்த யோசனையாம்! அடுத்த ஆண்டே அப்படிச் செய்யக்கூடாது என்று நாஸ்கார் அமைப்பினர் சொல்லிவிட்டார்கள்.

பெரிய தடங்களுக்காக வாங்கலாம். ஆனால் பழைய கார்டுக்கு 80 வெள்ளிக்கு மேல் கேட்டால் நடையைக் கட்டுங்கள்.