லேஸ் கட்டிய தோல் பந்து: 1899ஆம் ஆண்டு ஆட்டத்தை ஆடிப் பார்க்க வாங்கலாமா?

1899 பிப்ரவரி 3. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தன் முதல் ஆட்டத்தைக் கன்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியுடன் ஆடி, 16–5 என்று தோற்றது. அணியைக் கவனித்துக்கொண்டவர் வேறு யாருமில்லை, ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தேதான். அந்த முதல் சீசன் 7 வெற்றி, 4 தோல்வி என முடிந்தது. இன்று ஒரு கல்லூரி அணி 60 புள்ளி எடுத்தாலே மந்தமான ஆட்டம் என்கிறோம். அப்புறம் அந்த 5? ஆடத் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடுகிறவர்கள், அந்தக் காலத்து அளவில் தைத்த லேஸ் பந்தை ஒரு மணி நேரம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பழைய பாணி லேஸ் பந்துகள் இப்போது மூன்று விதமாக விற்பனைக்கு வருகின்றன. வாங்குவதற்கு முன் எந்த ரகம் என்று கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் படத்தில் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். முதலாவது, அலமாரியில் வைக்கிற பந்து. உள்ளே பஞ்சோ துணியோ திணித்திருப்பார்கள், தரையில் போட்டால் தொப்பென்று உட்காரும். இரண்டாவது, உள்ளே இன்றைய ரப்பர் பிளாடர் (காற்றைப் பிடித்து வைக்கிற உள்பை), ஊசி வால்வு, மேலே அழகுக்கு மட்டும் லேஸ். மூன்றாவதுதான் அசல் முறை: கழுத்து நீண்ட பிளாடர், லேஸை அவிழ்த்துத்தான் காற்றடிக்க முடியும். ஆடிப் பார்க்க இரண்டாவது போதும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பாடு புரிய வேண்டுமானால் மூன்றாவது. முதலாவதுக்குக் காசு கொடுப்பது, பரிசுக் கோப்பை வாங்கி வைப்பது மாதிரிதான்.

அளவு சரியா என்பதை டேப் வைத்துப் பார்த்துவிடலாம். நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆட்டத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தது கால்பந்து. கூடைப்பந்துக்கென்றே தனிப் பந்தை ஸ்பால்டிங் நிறுவனம் 1894இல் செய்து கொடுத்தது. அந்தக் கால விதிப்படி சுற்றளவு 30 முதல் 32 அங்குலம், அதாவது 76 முதல் 81 செ.மீ.; எடை 18 முதல் 20 அவுன்ஸ், கிட்டத்தட்ட 510 முதல் 567 கிராம். இன்றைய ஆண்கள் பந்து, 7ஆம் எண், 75 செ.மீ. சுற்றி இருக்கும், எடை 580 முதல் 620 கிராம். பழைய பந்து பெரியது, ஆனால் எடை குறைவு. கடையில் கிடைப்பவற்றில் பல, இன்றைய 7ஆம் எண் அச்சிலேயே லேஸ் வைத்துத் தைத்தவை. 30 அங்குலத்துக்குக் குறைந்தால் 'வின்டேஜ்' என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இரண்டு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். ரிங்கின் விட்டம் அன்றும் இன்றும் 18 அங்குலம், உயரம் அன்றும் இன்றும் 10 அடி. 32 அங்குலப் பந்தின் விட்டம் ஏறக்குறைய 10.2 அங்குலம், இன்றைய பந்து 9.4. நடுவாகப் போனால் பழைய பந்துக்குச் சுற்றிலும் 3.9 அங்குல இடைவெளி, இன்றைய பந்துக்கு 4.3. பந்து மேலிருந்து செங்குத்தாக இறங்கும்போது இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தாழ்ந்த கூரைக்குக் கீழே ஆடுகிறவர்கள் பந்தை மேலே தூக்க முடியாது. தட்டையாகத்தான் எறிய வேண்டும். தட்டையாக வரும் பந்துக்கு ரிங் ஒடுங்கிய முட்டை வடிவமாகிவிடும், அப்போது அரை அங்குலமும் கணக்கில் வரும். கன்சாஸ் அணிக்கு ராபின்சன் உடற்பயிற்சிக்கூடம் 1907இல் வரும்வரை முறையான அரங்கமே கிடையாது.

அடுத்தது கைப்பிடி. 81 செ.மீ. பந்தை ஒரு கையால் பிடிப்பது பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம். ஒரு கை ஷாட் அடிக்கப் பார்த்தால் மணிக்கட்டு மடங்கும்போதே பந்து நழுவிவிடும். இரண்டு கையாலும் மார்பிலிருந்து தள்ளுவது, இல்லையென்றால் இடுப்புக்குக் கீழிருந்து வீசுவது, இந்த இரண்டும்தான் சரிப்பட்டு வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஹாங்க் லூயிசெட்டி ஒரு கை ஷாட்டால் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது 1936இல். பந்தின் சுற்றளவைக் குறைத்ததும் அதே 1930களின் நடுவில்தான்.

பவுன்ஸ்தான் இந்தப் பந்தின் பெரிய குறை. குறை என்பதா, குணம் என்பதா, அது ஆடுகிறவரைப் பொறுத்தது. இன்றைய பந்தை 6 அடி உயரத்திலிருந்து விட்டால் ஏறக்குறைய 4 அடிக்கு எழும். லேஸ் பந்து அவ்வளவு எழாது, எழுவதும் ஒரே மாதிரி எழாது. லேஸ் உள்ள பக்கத்தில் தோல் இரண்டு மடிப்பு, அடியில் நாக்குத் தோல், அதன் கீழே பிளாடரின் கழுத்து முடிச்சு. எடை அந்தப் பக்கம் கூடுகிறது. அந்தப் பக்கம் தரையில் பட்டால் பந்து நேராக வராமல் ஒருபுறம் ஒதுங்கும். ஓடிக்கொண்டே டிரிபிள் செய்யும்போது, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகும்போது, நாலு தட்டுக்கு ஒரு தட்டாவது கைக்கு வெளியே போகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் இந்தப் பந்தில் ஆட்டம் தானாகவே பாஸ் ஆட்டமாக மாறிவிடும். நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலும் டிரிபிள் என்று ஒன்று கிடையாது. பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்து எறிய வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு நகர்வது, மாட்டிக்கொண்ட ஆட்டக்காரர் தப்பிக்கக் கண்டுபிடித்த வழியாகப் பிறகு வந்தது.

பாஸ் செய்யும்போது லேஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்கப் பழகுங்கள். வேகமான செஸ்ட் பாஸில் லேஸ் முடிச்சு விரல் நுனியில் பட்டால் நகம் கிழியும். லேஸின் இரு முனைகளையும் உள்ளே செருகாமல் வெளியே முடிச்சுப் போட்டிருந்தால் அந்தப் பந்தை ஆட்டத்துக்கு எடுக்காதீர்கள்.

அசல் ரகத்தில் காற்றடிப்பது தனி வேலை. கையில் கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். லேஸை முழுவதும் உருவ வேண்டாம், கடைசி இரண்டு துளைகளில் இருக்கட்டும். பிளாடரை நீளவாக்கில் மடித்து உள்ளே விட்டு, விரலால் எல்லா மூலைக்கும் பரப்புங்கள். தையல் ஓரத்தில் மடிப்பு சிக்கினால் காற்று ஏறும்போது அந்த இடத்தில்தான் வெடிக்கும். முதலில் கால்வாசி மட்டும் அடித்து, வெளியிலிருந்து பந்தை உருட்டி அமுக்குங்கள், பிளாடர் தன் இடத்தில் உட்காரும். பிறகு மிச்சத்தை அடித்து, கழுத்தை இரண்டாக மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, நாக்குத் தோலின் அடியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். கழுத்து நிமிர்ந்து நின்றால் அங்கே மேடு தட்டும், பவுன்ஸ் இன்னும் கெடும். கடைசியாக லேஸ். தூரத்து முனையிலிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்து வர வேண்டும். லேஸ் ஊசியின் முனை மழுங்கியதாக இருக்கட்டும். கூரான ஊசியால் அவசரப்பட்டுக் குத்தி பிளாடரில் ஓட்டை போடுவது எல்லோரும் செய்கிற தவறு, அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வால்வு ரகத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் வேறொரு ஆசை வரும்: இன்றைய பந்து மாதிரி 8 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்தால் நன்றாக எழுமே என்று. அடிக்காதீர்கள். கையால் தைத்த தோலுக்கு அந்த அழுத்தம் தாங்காது. தையல் துளைகள் நீளும், நாளாக ஆகப் பந்து பூசணிக்காய் வடிவத்துக்குப் போகும். இரு கட்டைவிரலாலும் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும், அந்த அளவே சரி.

ஈரம் இந்தப் பந்துக்கு ஆகாது. பூச்சில்லாத தோல் வியர்வையையும் குடிக்கும், தரை ஈரத்தையும் குடிக்கும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாலே எடை ஏறியது தெரியும். நனைந்தால் காற்றைப் பாதி இறக்கி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் முறுக்கிக்கொள்ளும். எண்ணெய் பூசுவது நல்லதுதான், ஆனால் துணியில் தொட்டு மெல்லத் தடவ வேண்டும். ஊற்றித் தேய்த்தால் தோல் தளர்ந்து பந்து பெருத்துவிடும், கையும் வழுக்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். இது பழுப்பு. ஆரஞ்சுப் பந்து 1950களின் கடைசியில், பட்லர் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டோனி ஹிங்கிள் முயற்சியில் வந்தது. மரத்தரை அரங்கில் மங்கிய விளக்கில் பழுப்புப் பந்து கண்ணுக்குத் தப்பும். வெளிச்சம் நன்றாக இருக்கிற இடத்தில் ஆடுங்கள்.

பந்தை மட்டும் வாங்கி இன்றைய விதியில் ஆடினால் பாதி அனுபவம்தான். 1899க்கு அருகில் போக வேண்டுமானால் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். கூடைக்கு 2 புள்ளி. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி தவறு செய்தால் யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு, 15 அடியிலிருந்து, 1 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டை மறந்துவிடுங்கள். அணியின் எல்லா ஃப்ரீ த்ரோவையும் ஒரே ஆள் போடலாம், அந்த வழக்கம் 1920கள் வரை இருந்தது. பந்து கோட்டுக்கு வெளியே போனால் முதலில் தொட்டவருக்கே சொந்தம். இதை அப்படியே வைத்தால் தள்ளுமுள்ளு நிச்சயம், சுவர் பக்கத்தில் இருந்தால் இந்த ஒரு விதியை விட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவில் ஜம்ப் பால்: நடுவர் பந்தை மேலே எறிய, பக்கத்துக்கு ஒருவர் குதித்துத் தட்ட வேண்டும். வலையின் அடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள், ஏனென்றால் அன்றைய வலைக்கு அடி திறப்பு இல்லை. பந்தை ஒவ்வொரு முறையும் கம்பால் தள்ளியோ, கயிற்றை இழுத்தோ எடுக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு ஏற்பாடும், அதாவது ஜம்ப் பாலும் மூடிய வலையும், பந்தை விடக் கூடுதலாகப் புள்ளியைக் குறைக்கின்றன. கூடை விழுந்த பிறகு பந்தை எடுத்து, நடுவுக்கு வந்து, நின்று, குதித்து, மறுபடி தொடங்குவதற்குள் ஆட்டத்தின் சூடு ஆறிவிடும். கூடைக்குப் பிந்திய ஜம்ப் பால் 1937–38 சீசனில்தான் போனது.

இப்போது அந்த 5ஐத் திரும்பப் பாருங்கள். கூடைக்கு 2, ஃப்ரீ த்ரோவுக்கு 1. ஒற்றைப்படை எண் என்பதால் ஒரு ஃப்ரீ த்ரோவாவது விழுந்திருக்க வேண்டும். கள ஆட்டத்தில் அதிகபட்சம் இரண்டே கூடை. எதிரணியின் 16ஐயும் எட்டுக் கூடைக்கு மேல் பிரிக்க முடியாது. அந்தக் காலத்தில் இது அதிசயமில்லை. 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகம் அயோவாவில் ஐவர் அணியாக ஆடி வென்ற ஆட்டம் 15–12. 1895இல் ஹாம்லின் பல்கலைக்கழகம் மினசோட்டா வேளாண் பள்ளியிடம் தோற்றது 9–3, அது பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடிய ஆட்டம்.

யாருக்கு இது பயன்படும்? உடற்கல்விக் கல்லூரிகளுக்கு நிச்சயமாக. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக், நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடித்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனத்தின் வழி வந்தவர். விளையாட்டு வரலாற்றுப் பாடத்துக்கு இரண்டு வால்வுப் பந்தும் ஒரு அசல் பந்தும் போதும். பள்ளி அணிப் பயிற்சிக்கு வேண்டாம். லேஸ் பந்தில் ஒரு வாரம் ஷாட் அடித்த பையனுக்கு இன்றைய பந்து கையில் சிறியதாகத் தெரியும், மணிக்கட்டு வேலையும் கெடும். அன்பளிப்பாகக் கொடுக்க நினைத்தால், அதைப் பெறுகிறவர் ஆடுவாரா அலமாரியில் வைப்பாரா என்று தெரிந்துகொண்டு ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கிய பிறகு ஆடாத நாட்களில் காற்றைப் பாதியாகக் குறைத்து, லேஸ் மேல் பக்கம் இருக்கும்படி துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால், நம் ஊர் மழைக்கால ஈரத்தில் ஒரே மாதத்தில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். அப்படிப் பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் விட்டு, அதன் பிறகே எண்ணெய்.