மூன்று ஆண்டுகளாக ஒரு டைமரும் ஒரு நோட்டும்

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடித்துவருகிறேன். முதல் மாதத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால், சரிப்பட்டு வராது என்று முடித்திருப்பேன். இப்போது எழுதுவது, எதை எதிர்பார்த்து டைமரை வாங்கினேனோ அதைவிடப் பெரிய உதவி வேறோர் இடத்திலிருந்து வந்ததால்தான்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. வீட்டிலிருந்தே செய்கிறேன். காலையில் மேசைக்கு வந்தால் இருட்டும் வரை அங்கேதான். அப்படியும் கெடு நெருங்கும்போது பாதி வேலை மிச்சம் இருக்கும். நாளெல்லாம் உழைத்த களைப்பு உடம்பில் தெரியும், பக்கங்களின் எண்ணிக்கையில் தெரியாது. வீட்டில் இருப்பவர்களிடம் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லுக்கே மதிப்பில்லாமல் போயிருந்தது.

முறை எளிமையானது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். அதனால் இத்தாலிய மொழியில் தக்காளியைக் குறிக்கும் பொமொடோரோ என்ற பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. இவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதங்கள் கைப்பேசியில் இருந்த டைமரையே பயன்படுத்தினேன். அது தவறு. நேரம் பார்க்க எடுத்த கைப்பேசி செய்திகளுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். 5 நிமிட ஓய்வு 20 நிமிடமாகிவிடும். பிறகு முறுக்கி வைக்கும் டைமர் வாங்கினேன். கைப்பேசி அடுத்த அறைக்குப் போனது. டிக் டிக் என்ற ஓசை ஒரு வாரம் உறுத்தியது, பிறகு காதில் விழவே இல்லை. ஒன்றரை ஆண்டில் அதன் சுருள்வில் தளர்ந்து, 25 என்று வைத்தால் 21 நிமிடத்திலேயே மணி அடித்தது. இப்போது இருப்பது எண்கள் காட்டும் மின்னணு டைமர். வேலையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

உண்மையான மாற்றம் நோட்டிலிருந்து வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சுற்று பிடிக்கும் என்று தொடங்கும் முன்பே எழுதுவேன். முடிந்ததும் உண்மையில் எத்தனை பிடித்தது என்று பக்கத்தில் எழுதுவேன். பத்துப் பக்க ஆவணத்துக்கு 8 என்று எழுதியிருப்பேன், 14 ஆகியிருக்கும். ஒரு முறை என்றால் விதிவிலக்கு எனலாம். மூன்று மாதங்களாகப் பக்கத்துக்குப் பக்கம் அதே கதை.

இந்தப் பிழைக்கு ஒரு பெயர் உண்டு என்று அப்போதுதான் படித்து அறிந்தேன். உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதைத் 'திட்டமிடல் பிழை' என்ற பொருளில் விவரித்தார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்குக்கூட 48.6 நாள் என்றுதான் பதில் வந்தது. உண்மையில் ஆனது 55.5 நாள். அந்த எண்களைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாகச் சோம்பல் என்று என்னை நானே குற்றம் சாட்டிவந்தது பெரும்பாலும் கணக்குப் பிழைதான்.

என் கணக்கில் எது விடுபடுகிறது என்பதையும் நோட்டே காட்டிக்கொடுத்தது. மொழிபெயர்க்கும் நேரத்தை மட்டுமே எண்ணியிருந்தேன். கலைச்சொல் தேடுவது, மூலத்தோடு மறுபடி ஒப்பிட்டுப் படிப்பது, அட்டவணைகளைச் சரிசெய்வது ஆகியவை என் மனத்தில் வேலையாகவே பதிவாகியிருக்கவில்லை. அவை மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதி நேரம்.

இன்னொரு உண்மை கசந்தது. ஒரு நாளில் 16 சுற்று உழைப்பதாக நம்பியிருந்தேன். சராசரி 9தான் வந்தது. கவனம் சிதறாமல் உழைத்தது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. சில நாள் மனம் வெறுத்துப்போனது உண்மை. பிறகு 9 சுற்றுக்கு மட்டுமே திட்டமிடத் தொடங்கினேன். கெடுவைத் தள்ளிக் கேட்கத் துணிந்தேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். நான்தான் அதுவரை கேட்டதே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புக்கு 25 நிமிடம் போதாது. ஒரு வாக்கியத்தின் ஓசை பிடிபடும் தறுவாயில் மணி அடித்தால், திரும்பி வரும்போது அது கை நழுவியிருக்கும். ஏழாவது மாதத்திலிருந்து மொழிபெயர்ப்புக்கு 45 நிமிட வேலை, 10 நிமிட ஓய்வு என்று மாற்றிக்கொண்டேன். மின்னஞ்சல், ரசீதுகள் போன்றவற்றுக்குப் பழைய 25 நிமிடமே பொருந்துகிறது. இடையூறு வந்தால் அந்தச் சுற்றையே கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதியையும் கைவிட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில் அந்த விதி மனிதருக்கு உரியதாக இல்லை.

நான்காவது மாதத்தில் இன்னொரு தொல்லை. சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக எளிய வேலைகளையே முதலில் எடுக்க ஆரம்பித்திருந்தேன். நோட்டு நிரம்பியது, கடினமான ஒப்பந்த ஆவணம் ஒன்பது நாள் தொடப்படாமல் கிடந்தது. அன்றிலிருந்து முதல் இரண்டு சுற்றும் அன்றைய மிகக் கடினமான வேலைக்குத்தான்.

நேரம் தன் கையில் இல்லாதவர்களுக்கு இந்த முறை உதவும் என்று சொல்ல மாட்டேன். என் அக்கா செவிலியர். வார்டில் டைமர் வைத்துக்கொண்டு யாரும் வேலை பார்க்க முடியாது. தேர்வுக்குப் படிக்கும் மாலைகளில் மட்டும் பயன்படுத்தினார், அதற்கு நன்றாக இருந்தது என்றார்.

ஐந்தாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் முதல் கணிப்பு இன்றும் குறைவாகத்தான் வருகிறது; மூன்று ஆண்டுப் பழக்கம் அதைத் திருத்தவில்லை. மாறியது ஒன்றுதான்: இப்போது கணிப்பதற்குப் பதிலாகப் பழைய பக்கங்களைப் புரட்டுகிறேன். சென்ற மாதம் ஒரு நீண்ட அறிக்கை வந்தது. மனம் 20 என்றது. அதே அளவிலான மூன்று பழைய வேலைகள் 31, 34, 29 என்று நோட்டில் இருந்தன. 32 என்று எழுதி, அதற்கேற்பக் கெடு கேட்டேன். 33ஆவது சுற்றில் முடிந்தது. அனுப்பிவிட்டு, வெளிச்சம் மறைவதற்குள் மேசையை விட்டு எழுந்தேன்.