தகரமா, கல்லா, மரமா: வெயில் ஊருக்கு எந்த ஷெட்?

வீட்டுக்குப் பின்னால் சாமான் போட ஒரு ஷெட் கட்டப்போகிறேன் என்று வாயைத் திறந்தாலே போதும், கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள்: "தகரம் மட்டும் போடாதே, உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும்." நான் தகரம்தான் போட்டேன். ஹாலோ பிளாக், மரம், ரெடிமேட் பிளாஸ்டிக் என்று எல்லாவற்றையும் விசாரித்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கூரை இரட்டைக் கூரையாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பல்லவி அட்சரம் பிசகாமல் உண்மை.

சீக்கிரம் முடிக்க வேண்டியவற்றை முதலில் முடித்துவிடலாம்.

பிளாஸ்டிக் ஷெட் பெட்டியில் வரும், ஒரே நாளில் மாட்டிவிடலாம், துரு பிடிக்காது, கரையான் தொடாது. சின்ன இடத்தில் மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும் வைக்க அது போதும். ஆனால் வெயிலில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். மத்தியானத்தில் கதவு இறுகிக்கொள்வதும் காலையில் இடைவெளி விடுவதும் அதனால்தான். சுவரில் கனமான அலமாரி மாட்ட முடியாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்திருந்தால் நெடுநாள் வரும் என்கிறார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றிரண்டை வைத்து அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மரம் நியாயமாகப் பார்த்தால் வெப்பத்தைத் தடுப்பதில் தகரத்தைத் தூக்கி எறிந்துவிடும். வெப்பம் கடத்துவதில் இரும்புக்கு ஏறக்குறைய 50 என்றால் மரப்பலகைக்கு 0.15 அளவில்தான் வரும். பார்க்கவும் அழகு. சிக்கல் பராமரிப்பில்தான். மேற்குப் பார்த்த பலகைகள் சாயங்கால வெயிலை நேராக வாங்கி வெடிக்கும். மழைக்காலத்தில் கதவு ஊதிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும், கோடையில் சுருங்கித் தாழ்ப்பாள் எட்டாமல் போகும். கரையானுக்கு மருந்து கலந்த மரம் வாங்கினாலும், கான்கிரீட் மேடை மேல் வைத்தாலும், அது மண்குழாய் கட்டிக்கொண்டு மேடையின் ஓரமாக ஏறிவிடும். அதனால் வருடாவருடம் சுற்றி வந்து பார்த்து, எண்ணெயோ பெயின்ட்டோ பூசிக்கொண்டே இருக்க வேண்டும். மரவேலையில் பிரியம் உள்ளவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆக, உண்மையான போட்டி தகரத்துக்கும் கல்லுக்கும்தான். கல் என்று நான் சொல்வது செங்கல், ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் எல்லாவற்றையும் சேர்த்து. இதன் பலம் யாருக்கும் தெரிந்ததே: திருடனுக்குக் கஷ்டம், எலிக்குக் கஷ்டம், சுவரில் எங்கே வேண்டுமானாலும் அலமாரி அடிக்கலாம், காற்றுக்குப் பறக்காது. பலவீனமும் தெரிந்ததுதான்: அஸ்திவாரம் தோண்ட வேண்டும், கொத்தனார் வேண்டும், பல இடங்களில் அனுமதி வேண்டும், பிறகு இடம் மாற்ற நினைத்தால் இடிப்பதைத் தவிர வழியில்லை.

இதையெல்லாம் தாண்டி என் முடிவைத் தீர்மானித்தது வெப்பம். "எது அதிகமாகச் சுடும்" என்று மட்டும் கேட்டால் தகரம் என்று பதில் வந்துவிடும். நான் கேட்டது, எப்போது சுடும், எப்போது ஆறும் என்று.

அரை மில்லிமீட்டர் தகரத்துக்குள் வெப்பத்தைச் சேர்த்து வைக்க இடமே இல்லை. வெயில் பட்டதும் சுடும், வெயில் போனதும் ஆறும். மேகம் ஒன்று கடந்தால்கூட உள்ளே வித்தியாசம் தெரியும். செங்கல் சுவர் இதற்கு நேர் எதிர். காலையில் மெதுவாகச் சூடேறும், மத்தியானம் உள்ளே ஓரளவு சுகமாகவே இருக்கும், ஆனால் பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலத்துக்குப் பிறகு உள்பக்கமாக விட ஆரம்பிக்கும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் வெளியே உச்சம் வந்து பல மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கத்தில் உச்சம் வரும். மேலே கான்கிரீட் தளமும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கும் தலைக்கு மேல் அனல் இறங்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், சாமான் ஷெட்டுக்குள் யார் எப்போது போகிறார்கள்? வெயில் ஊரில் உச்சிப்பொழுதில் யாரும் தோட்ட வேலை செய்வதில்லை. காலையில் வெயில் ஏறுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு தடவை. நாம் போகும் நேரத்தில் தகர ஷெட் ஆறிவிட்டிருக்கும். கல் அறை அப்போதுதான் வேர்க்கவைக்கத் தொடங்கும். உறங்கும் அறைக்கும் இதே கேள்வி பொருந்தும், அங்கே பதில் வேறாக இருக்கும். இது சாமான் வைக்கும் இடம்.

சரி, நாம் போகாத நேரத்தில் சாமான் வெந்துபோகாதா என்று கேட்கலாம். வேகும், ஒற்றைக் கூரையாக இருந்தால். அங்கேதான் இரண்டாவது கூரை வருகிறது.

தெளிந்த நாளில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் கூரை என்றால் 9 கிலோவாட். சூரியன் தலைக்கு மேல் நிற்கும் ஊர்களில் இதில் சுவர் வாங்கும் பங்கு கொஞ்சம், பெரும்பங்கு கூரைக்குத்தான். அதனால் சுவருக்கு என்ன போடுகிறோம் என்று ஒரு மாதம் விவாதித்துவிட்டு, கூரைக்கு ஏதோ ஒரு ஷீட் என்று விட்டுவிடுவது எனக்குப் புரியாத வேடிக்கை.

இரட்டைக் கூரை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஷெட்டின் சாதாரணக் கூரைக்கு மேல் நான்கு முதல் ஆறு அங்குலம் தள்ளி இன்னொரு ஷீட். தாழ்ந்த பக்கமும் உயர்ந்த பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். மேல் ஷீட் வெயிலை வாங்கிச் சூடாகும், அதன் கீழே உள்ள காற்று சூடேறிச் சரிவோடு மேலேறி வெளியே போகும், கீழ்ப்பக்கமாகப் புதுக் காற்று நுழையும். கீழ் ஷீட் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு, மேலே உள்ள ஷீட்டின் அடியில் விரலை வைத்தால் உடனே எடுத்துவிடுவேன். கீழ் ஷீட்டில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டே பேசலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் காற்று.

அந்த இடைவெளியின் இரண்டு வாயிலும் கம்பி வலை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பறவையும் குளவியும் குடியேறி, காற்று போகும் வழியை அடைத்துவிடும்.

மேல் ஷீட்டின் நிறத்தைப் பற்றி ஒரு விஷயம். பளபளப்பான வெறும் ஷீட் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிக்கு மேல் திருப்பும்தான். ஆனால் வாங்கிய மீதியை வெப்பக் கதிராக வெளியே விடுவதில் பளபளப்பான உலோகம் மகா கஞ்சம். அதனால் தொடமுடியாத அளவுக்குச் சுடும். வெள்ளைப் பெயின்ட் அடித்த ஷீட் வெயிலையும் நன்றாகத் திருப்பும், வாங்கியதையும் தாராளமாக வெளியே விடும். ஆகவே வெள்ளை, அல்லது வெள்ளைக்குப் பக்கத்து நிறம். தூசி படிந்தால் இந்தப் பலன் குறையும். கோடை தொடங்குமுன் ஒருமுறை கழுவிவிட்டால் நல்லது.

இரண்டாவது கூரைக்குப் பதில் அடியில் தெர்மாகோல் அட்டை ஒட்டலாமே என்பார்கள், அல்லது நடுவில் நுரை நிரப்பிய பஃப் பேனலே போடலாமே என்பார்கள். பஃப் பேனல் நல்ல பொருள், வெட்டிய ஓரங்களை ஒழுங்காக மூடினால் கூரை, சுவர் இரண்டுக்கும் ஆகும். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும், எலி குடைந்து பொடிபண்ணும். எனக்கு ஒப்பவில்லை.

இரட்டைக் கூரையில் இன்னொரு லாபமும் உண்டு. மேகமில்லாத இரவில் கூரைத் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஈரப்பதம் உள்ள ஊரில் அதன் அடியில் பனி கோத்துக்கொண்டு, விடிகாலையில் சாமான் மேல் சொட்டும். சிமென்ட் மூட்டை கட்டியாவதும் கத்தரிக்கோல் துருப்பிடிப்பதும் ஒழுகலால் என்று நினைத்துக் கூரையை ஆராய்வார்கள், ஓட்டையே இருக்காது. இரட்டைக் கூரையில் அந்தச் சொட்டு கீழ் ஷீட்டின் மேல் விழுந்து சரிவில் ஓடிவிடும்.

தகரத்துக்கும் பராமரிப்பு உண்டு. பெரும்பாலும் அது ஸ்க்ரூக்களில் இருக்கிறது. இரவுக்கும் பகலுக்கும் மேல் ஷீட்டின் சூடு 50 டிகிரி மாறினால், 3 மீட்டர் ஷீட் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினமும். அந்த அசைவையெல்லாம் வாங்கிக்கொள்வது ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே உள்ள கறுப்பு ரப்பர் வாஷர். முடுக்கும்போது ரப்பர் விளிம்பில் லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். வேலையாள் டிரில்லை விடாமல் அழுத்தினால் ரப்பர் பிதுங்கிக் கிழியும், அடுத்த மழைக்கு அங்கேதான் தண்ணீர் இறங்கும். கூரையில் ஸ்க்ரூ மேட்டில் இருக்கட்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். சில வருடங்களுக்கு ஒருமுறை ஏறி, வெடித்த வாஷர்களை மாற்றினால் போதும். கரையானைத் தேடிக்கொண்டு குனிந்து நடப்பதைவிட இது சுளுவு.

ஷீட்டை வெட்டக் கிரைண்டர் எடுக்க விடாதீர்கள். பறக்கும் தீப்பொறி பூச்சைச் சுட்டுவிட்டு, இரும்புத் துகளாக அங்கேயே ஒட்டிக்கொள்ளும். முதல் மழைக்குப் பிறகு ஷீட் முழுக்கப் பழுப்புப் புள்ளி தெரியும். தகரக் கத்தரியால் வெட்டுவது சுத்தம். அதேபோல, துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சுக்கு ஈரச் சிமென்ட் ஆகாது, அதன் காரம் பூச்சைத் தின்னும். சுவர் ஷீட்டின் அடி விளிம்பைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காமல், மேடைக்கு மேலே விட்டு முடிப்பதே சரி.

அப்புறம் காற்று. தகர ஷெட் லேசானது, இரட்டைக் கூரை போட்டதும் காற்று பிடித்துத் தூக்க இன்னும் வசதி. தூண்களைக் குழியில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள், மேல் கூரையின் பர்லினை, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை, கீழ்ச் சட்டத்தோடு போல்ட் போட்டே பிணையுங்கள். புயல் அடிக்கும் ஊர் என்றால் இதை என் பேச்சை வைத்துச் செய்ய வேண்டாம், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். கடற்கரைக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கும் நான் தகரத்தை வற்புறுத்த மாட்டேன். உப்புக் காற்றில் எந்தப் பூச்சு எத்தனை காலம் நிற்கும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை.

காற்றோட்டத்துக்கு, ஒரு சுவரின் அடியில் வலையடித்த திறப்பு, எதிர்ச் சுவரின் உச்சியில் இன்னொன்று. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் பாதிப் பலன்தான். கதவைக் கிழக்குப் பக்கமாகவோ நிழல் விழும் பக்கமாகவோ வைப்பது நல்லது. மேற்கில் வைத்தால் சாயங்காலம் கைப்பிடியைத் தொடுவதற்கே துணி வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பகலில் உள்ளே வெளிக்காற்றைவிடக் குளிராது, அதையொட்டி நிற்கும், அவ்வளவுதான். ஆகவே பெட்ரோல், கேஸ் சிலிண்டர், லித்தியம் பேட்டரி, பூச்சிமருந்து ஆகியவற்றை வெயில் ஊரில் எந்த ஷெட்டிலும் சும்மா வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கச் சூடே தேவையில்லை, உறைநிலைக்கு வெகு கீழேயே அது பற்றக்கூடியது. வெயிலில் ஆவி இன்னும் அதிகமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பெயின்ட் டப்பாக்கள் மூடிய தகரப் பெட்டியைவிட இந்த இரட்டைக் கூரையின் கீழ் நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன, இருந்தாலும் அவற்றைக் கீழ்த்தட்டில்தான் வைக்கிறேன். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் சூட்டில் நல்ல வித்தியாசம் உண்டு.

விலையுயர்ந்த கருவிகளை வைக்கப்போகிறீர்கள், பூட்டை நம்பித்தான் தூங்க வேண்டும் என்றால் கல் சுவரே கட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருந்தால் தகரச் சுவரை வெளியிலிருந்தே கழற்றலாம், அதை மறைக்க முடியாது. ஆனால் கல் சுவர் கட்டினாலும் மேலே கான்கிரீட் தளம் போடாமல், இதே வெள்ளை ஷீட்டில் இரட்டைக் கூரையாகப் போடுங்கள். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு பந்தல் போட்டுக் கொடி ஏற்றிவிட்டால், சாயங்காலம் அந்தச் சுவர் உள்ளே விடும் சூடும் பெருமளவு குறையும். அப்படிக் கட்டிய ஒன்று எதிரில் நின்றால், என் தகர ஷெட்டைவிட அது மேல் என்று ஒத்துக்கொள்வேன். செலவைப் பற்றி மட்டும் பேசக்கூடாது.